வளைச்சிலம்பி: பெயரும் வகைப்பாடும்



தமிழ்ப்பற்றாளர் அவையில் சிலந்தியைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வினவலாம். மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து சொற்களின் வேரைத் தேடினார். பாவலரேறு பெருஞ்சித்திரனார் 1959இல் கடலூரில் தென்மொழியைத் தொடங்கினார். அவ்விருவர் பணியினின்று கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு: பொருளை அறிந்தே பெயரிடல் வேண்டும், அறியாது இட்ட பெயர் அறியாமையையே வளர்க்கும்.

உடலெங்கும் மயிரடர்ந்து, நிலத்தில் வளை தோண்டி, அதன் வாயில் நூலிழை வேய்ந்து வாழும் பெருஞ்சிலந்தியை ஆங்கிலர் 'தாரந்துலா' என்பர். இப்பெயரின் பிறப்பு என்ன? தென் இத்தாலியில் தாரந்தோ என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பக்கத்து ஓநாய்ச்சிலந்திக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. அது கடித்தால் ஆடியே நஞ்சை நீக்கவேண்டும் என அங்குள்ளோர் நம்பினர். பின்னர் அமெரிக்கா சென்ற ஐரோப்பியர், ஆங்குக் கண்ட பெருஞ்சிலந்திக்கும் அதனையே சூட்டினர். ஊரும் வேறு, உயிரும் வேறு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது! அப்பிழைப்பெயரையே தமிழ்ப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்யவேண்டுமா?

வகைப்பாடு இவ்வாறு மேலோட்டமாய் அமைவதன்று. வீட்டுச் சிலந்தியின் நச்சுப்பற்கள் இடுக்கி போல் எதிரெதிர் மூடும். பெருஞ்சிலந்தியின் பற்களோ அருகருகே நின்று மேலிருந்து கீழ்க் குத்தும். ஏடுகளை அடுக்கினாற் போன்ற நுரையீரல் இதற்கு இரண்டிணை. பிற சிலந்திகளுள் பெரும்பாலானவற்றிற்கு அது ஓரிணைக்கு மேல் இல்லை. வளைக்குக் கதவிட்டு மூடும் சிலந்தியும் இக்கிளையதே. ஆயினும் வேறு குடும்பம். இனங்களைப் பிரிக்க, ஆணின் முன்னுறுப்பு முனையும், பெண்ணின் வயிற்றுள் ஆணுயிரணுவைத் தேக்கும் பையின் வடிவும் உருப்பெருக்கியின்கீழ் நோக்கப்படும்.

1899இல் போகாக்கு என்னும் ஆங்கில அறிஞர் பிளெசியோபிரிக்டசு என்னும் பேரினத்தை வகுத்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராய் இருந்த கிரேவ்லி, 1935இல் ஓர் இனத்திற்கு மதராசுபட்டானசு எனப் பெயரிட்டு அப்பேரினத்தில் சேர்த்தார். 2012இல் நியோஎட்டிரோபிரிக்டசு என்னும் புதுப் பேரினம் வகுக்கப்பட்டது. அவ்வினம் பின்னர் அதற்கு மாற்றப்பட்டது. மதராசுபட்டினம் இலத்தீன் ஆடை உடுத்து உலக ஏடுகளில் நிற்கிறது. ஆனால் அவ்வுயிரை நாள்தோறும் மிதித்தும் அடித்தும் கொல்லும் உழவனுக்கு அப்பெயர் எட்டவில்லை.

தமிழரிடம் வகைப்படுத்தும் அறிவு இல்லையா? சிதலையும் எறும்பையும் மூவறிவின; நண்டையும் தும்பியையும் நாலறிவின என மரபியலில் பகுத்தவர் தொல்காப்பியர். சிலம்பி என்பது பழம்பாடல்களிலேயே வழங்கிய சொல். சிலந்தி என்பதோ உயிரையும் குறிக்கும். உடலில் எழும் கட்டியையும் குறிக்கும். பெயர் ஒன்றாயிருத்தலால், கட்டிக்கெல்லாம் சிலந்தியே கரணியம் என்னும் அச்சமும் வேரூன்றிற்று. அயற்சொல்லின் பிழையைக் காட்டுவோர் வீட்டுப் பிழையையும் களைதல் வேண்டும்.

ஆகவே நிலத்தில் வாழ்வதை வளைச்சிலம்பி என்க; மரப்பொந்தில் வாழ்வதை மரச்சிலம்பி என்க; கதவிடுவதைக் கதவுச்சிலம்பி என்க. வாழ்முறையே பெயராகும். அறிஞர்க்குரிய இலத்தீன் பெயர் ஏட்டில் நிற்கட்டும். அதனோடு பகை வேண்டா.

பெயர் ஆக்கியதோடு கடமை முடியுமா? கேப்பர் மலைச் செம்மண்ணிலும், சிதம்பரத்து வயல்வரப்பிலும் வாழும் சிலம்பிகளை ஊர்தோறும் மாணாக்கர் கண்டு, கொல்லாது, படமெடுத்து, நாளும் இடமும் குறித்துத் தமிழிலேயே பட்டியலிடல் வேண்டும். கையை வளைக்குள் நுழைத்தல் கூடாது. கடித்தால் வலியும் வீக்கமும் உண்டாம். உடனே மருத்துவரை நாடுக.

காணாதவன் இட்ட பெயர் நில்லாது. கண்டு அறிந்து தமிழன் இடும் பெயர் நிற்கும். வளையை உற்று நோக்குங்கள். தமிழும் வளரும், அறிவியலும் வளரும்!

வாழ்க தமிழ்!