உளிவழியும் கணிப்பொறியும்

(திருப்போரூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழ்ப் பாடம் சொல்லி வயிறு வளர்க்கும் யான், யந்திரத்தைப் பற்றியும் கணிப்பொறியைப் பற்றியும் இம்மன்றத்திற் பேச முற்பட்டது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். சென்ற தை மாதம் என் தமையனார் இல்லத்தில் நேர்ந்ததொரு காரியமே இதற்குக் காரணம். அண்ணியாரின் இரு கைவளையல்களும் அடகுக்கடைப் படி ஏறவிருந்தன. அவை ஏறாது நின்ற வரலாறே இன்று யான் சொல்லப் புகுவது.

தமையனார் உளி பிடித்து வாழ்ந்தவர். அவர் மகன் சி.என்.சி. யந்திரம் ஒன்று வாங்கிக் கதவுகளுக்குச் சித்திர வேலை செய்கின்றான். யந்திரக் கடனே இன்னும் முற்றத் தீரவில்லை. அந்நிலையில் அவன் என்பால் வந்து, "சித்தப்பா, கஜலட்சுமிக் கதவு ஒன்றுக்கு டூல்பாத் கணக்குப் போட ஐந்து மணி நேரம் ஆகிறது. பாதியிலே கணிப்பொறி நின்றுவிடுகிறது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. புதிது வாங்க ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும். அம்மா வளையலைத் தருகிறேன் என்கிறார்கள்; அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான். சிபாரிசு செய்யப் போனவன், முதலில் பொருளை அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் பட்டறையிலேயே அமர்ந்திருந்தேன்.

டூல்பாத் என்பதனை யான் உளிவழி என்பேன். உளி எங்கே இறங்கி, எவ்வழி ஓடி, எங்கே ஏற வேண்டும் என்னும் கட்டளை வரிசையே அது. இது நமக்குப் புதிதன்று. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குடைவரைகளை உற்று நோக்குமின். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாக வகுத்து, கோடுகளை ஆழ வெட்டி, நடுவே எஞ்சிய மேடுகளைத் தகர்த்தெடுத்த சுவடு இன்றும் தெரிகின்றது. முதலிற் பருவெட்டு, பின்னர் நுண்வேலை என்னும் அம்முறையையே யந்திரமும் பின்பற்றுகின்றது. எண்களின் ஆணையால் இயங்கும் யந்திரத்தை அமெரிக்க தேசத்து எம்.ஐ.டி. கல்விச்சாலையார் 1952-ல் உலகிற்குக் காட்டினர். அன்று கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவிற் சென்றன.

கணிப்பொறி ஏன் திணறுகின்றது? 600 மில்லிமீட்டர் அகலமும் 900 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கதவுப் பலகை ஒன்றைக் கருதுவோம். 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளியாக அதன் மேடுபள்ளங்களைக் குறித்தால் 1 கோடியே 35 லட்சம் புள்ளிகள் ஆகும். இன்னும் நேர்த்தி வேண்டுமென்று 0.1 ஆக்கினால் இருமடங்காகும் என்று நினைப்பீர்கள். அன்று, நீளத்தில் இருமடங்கு, அகலத்தில் இருமடங்கு, ஆக நான்கு மடங்காகி 5 கோடியே 40 லட்சத்தில் நிற்கும். அம்மட்டோ! 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை முனைப் பிட் ஓரிடத்தில் இறங்குமுன், அதன் வயிறு பக்கத்து மேட்டைச் சுரண்டிவிடாதா என்று பார்த்தல் வேண்டும். 0.2 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே, பிட்டின் அடியில் ஏறக்குறைய 700 புள்ளிகள் கிடக்கும். ஒவ்வோர் அடிக்கும் இச்சோதனை என்றால் வேலையின் பாரத்தை நீங்களே உணர்வீர்கள்.

இனி, திணறும் உறுப்பு எது என்பதே வினா. பையன் அதனை ஆராய்ந்தானல்லன். ஓராண்டுக்கு முன் ஒரு வியாபாரி சொற்கேட்டு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் பொருத்தினான். படம் திரையில் அழகாகச் சுழன்றது; கணக்கோ ஒரு நிமிஷமும் குறையவில்லை. புதிய மென்பொருள்கள் சில அக்கார்டினைக் கணக்கிற்கும் ஏவும் என்பது மெய்யே. அவன் வைத்திருந்தது அவ்வகையன்று. அவ்வியாபாரிமீது எனக்கு இன்றும் வருத்தமுண்டு. மென்பொருளின் பெயரையாவது அவர் கேட்டிருக்கலாம்.

கணக்கு நடக்கும்போதே டாஸ்க் மேனேஜர் என்னும் பலகத்தைத் திறந்து பார்த்தோம். பிராசசர் ஐந்திலொரு பங்குகூட உழைக்கவில்லை. ராம் என்னும் நினைவகம் 4 ஜி.பி.; அது விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. பழைய ஹார்டு டிஸ்கோ 100 விழுக்காடு உழைத்துக் கதறிக்கொண்டிருந்தது. காரணம் அப்பொழுதே வெளிப்பட்டது. மணையில் இடமில்லாத தச்சன் ஒவ்வோர் உளிக்கும் கொல்லைப்புறத்து அறைக்கு நடந்து திரும்புவான் அன்றோ? நினைவகம் போதாத கணிப்பொறி டிஸ்கினிடம் அவ்வாறு நடந்துகொண்டிருந்தது. கெட்டிக்காரத் தச்சனை வேலைக்கு வைத்து என்ன பயன்?

ஆகவே 16 ஜி.பி. ராமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கினோம். அப்பழைய பலகை ஏற்கும் வகை எது என்று பார்த்தே வாங்கினோம், இதில் அவசரப்படலாகாது. மென்பொருளும் 64 பிட் வகையாதல் வேண்டும். 32 பிட் வகை 4 ஜி.பி.க்கு மேல் எத்துணை நினைவகம் இருப்பினும் எடுத்தாளாது. பெட்டியைத் திறந்தபோது மற்றொன்றும் கண்டோம். காற்றாடியில் தேக்குத்தூள் அடையாக அப்பிக் கிடந்தது. வெப்பம் மிகுந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்டறைக்குள் கணிப்பொறியை வைத்திருப்போர் இன்றே அதனைத் தனியறைக்கு மாற்றுக. கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து அதனை அரிக்கும்.

செலவு சில ஆயிரங்களோடு நின்றது. ஐந்து மணி நேரக் கணக்கு ஐம்பது நிமிஷத்திற்குள் முடிந்தது. இனிப் பிராசசர்தான் முழுமூச்சாக உழைக்கின்றது. அடுத்து மாற்ற வேண்டியது அதுவே. அப்பொழுதும் "எத்தனை கோர்?" என்பதை மட்டும் கேட்டல் போதாது. பல மென்பொருள்களில் உளிவழிக் கணக்கிற் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே நடப்பது. ஒரு தாமரை மொட்டைப் பத்துத் தச்சர் ஒருங்கே செதுக்க இயலுமா? ஒரு கோரின் தனி வேகம் எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்குக.

இவ்வளவும் ஆனபின் பையன் கவலை தீர்ந்தானா? இல்லை. கணக்கு விரைந்ததேயன்றி வெட்டு விரையவில்லை. இங்கேதான் நம்மவர் பலர் மயங்குகின்றனர். கணிப்பொறி கட்டளையை எழுதிக் கொடுத்ததும் அதன் வேலை முடிந்தது, வெட்டுவது யந்திரம். கோட்டிற்குக் கோடு 0.6 மில்லிமீட்டர் தள்ளி ஓடினால், அப்பலகைக்கு 1000 கோடுகள், 900 மீட்டர் ஓட்டம். நிமிஷத்திற்கு 1500 மில்லிமீட்டர் வேகத்தில் 10 மணி நேரம். நம் பையன் 0.3 வைத்திருந்தான், 20 மணி நேரம்! 0.6 வைத்தால் சமதளத்தில் நிற்கும் வரப்பின் உயரம் எவ்வளவு? தள்ளலைத் தன்னாற் பெருக்கி, பிட் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். 0.015 மில்லிமீட்டர். உப்புத்தாள் ஒருமுறை தேய்த்தால் மறைவது அது. செங்குத்தான மடிப்புகளில் வரப்பு உயரும். எனவே முகம், கைவிரல், யானையின் கண்மடிப்பு ஆகிய இடங்களுக்குமட்டும் சிறிய பிட்டும் நெருங்கிய கோடும் வைத்து, எஞ்சிய பரப்பெல்லாம் 0.6 ஆக்கினோம். இவ்வாறு மிச்சமான நேரத்தை எந்தக் கணிப்பொறியும் விலைக்குக் கொடாது.

தமையனார் இவற்றையெல்லாம் திண்ணையில் அமர்ந்து பேசாது பார்த்திருந்தார். யந்திரம் நின்றதும் எழுந்து வந்து தேவியின் முகத்தைத் தடவிப் பார்த்து, "மூக்கு மழுங்கல்" என்றார். இணையத்தில் வாங்கிய உருவம் அது. தாலக்கணக்கு அறியாதவர் வரைந்ததாகலாம். சிற்றுளி எடுத்து மூக்கையும் இதழையும் திருத்தி, இறுதியிற் கண்ணைத் திறந்தார். அரை நாள் ஆயிற்று. கதவு முகூர்த்தத்திற்கு முதல்நாள் நிலையிற் பொருந்தியது. வளையல்கள் அண்ணியார் கையிலேயே இருக்கின்றன. அவர் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.

புதுக் கணிப்பொறிக்குக் கடன் வாங்க எண்ணியிருக்கும் அன்பர்கள், கணக்கு ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பிராசசர், நினைவகம், டிஸ்கு மூன்றும் காட்டும் எண்களைக் குறித்துக்கொண்டு வரும் ஞாயிறு காலை தமையனார் பட்டறைக்கு வருக. யானும் பையனும் அங்கிருப்போம்.