நெடுஞ்சாலையில் கார் உதறினால்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்து கலையும்போது நான்கைந்து பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டீர்கள். "சார், ஊருக்குள்ளே வண்டி நல்லாத்தான் ஓடுது. செங்கல்பட்டு தாண்டி 90-ஐத் தொட்டா உதறுது." பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பும் நேரம் வருகிறது, இதையே இன்று பேசுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் வித்தியாசம் தேடுவது எங்கள் தொழில். கணக்கில் உதைக்கும் தொகை 9-ஆல் வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருப்பார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். வித்தியாசம் எப்படிப்பட்டது என்பதே அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். வண்டி உதறலும் அப்படித்தான்.

முதலில், ஊருக்குள் ஏன் தெரிவதில்லை? 185/65 ஆர்15 என்ற அளவு டயர் ஒருமுறை சுற்றினால் வண்டி சுமார் 1.95 மீட்டர் நகரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் ஒட்டியிருந்த 30 கிராம் ஈயத்துண்டு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அந்த 30 கிராம் குறைவு, ஏறத்தாழ நாலரை கிலோ எடை அளவுக்குச் சக்கரத்தை இழுக்கும், அதுவும் விநாடிக்கு 14 தடவை. வேகம் பாதியானால் இந்த இழுப்பு கால்பங்காகிவிடும். 50-இல் ஒரு கிலோ சொச்சம்தான், அதை நம் சாலைக் குழிகளின் ஆட்டத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்?

சில வண்டிகளில் 90-இல் உதறல் வந்து 110-இல் குறைந்துவிடும். சஸ்பென்ஷனுக்கு ஒத்துப்போகிற அதிர்வு அந்த வேகத்தில்தான் அமைகிறது, அதைத் தாண்டினால் அடங்கியதுபோல் தெரிகிறது. "கொஞ்சம் அழுத்திப் போனா சரியாயிடுது" என்று ஒருவர் சொன்னார். சரியாகவில்லை ஐயா, மறைந்திருக்கிறது.

இனி, வண்டியை ஷெட்டில் விடுவதற்கு முன் நாமே பார்க்கவேண்டியவை. ஓட்டுபவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரம். ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட்டும் தரையும் நடுங்கினால் பின்சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறி, பெடலும் காலைத் தள்ளினால் பிரேக் டிஸ்க்கின் கனம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் உதறி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டில் சந்தேகம். அதே வேகத்தில் ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்கு மாற்றிப் பாருங்கள். உதறலும் மாறினால் என்ஜின் பக்கம், மாறாவிட்டால் சக்கரப் பக்கம்.

இதைக் குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்கும் மரியாதையாகப் பேசுவார். "வண்டி ஆடுது, பாருங்க" என்று மட்டும் சொன்னால் வவுச்சர் இல்லாமல் பணம் கேட்பதுபோல. அவர் ஊகிப்பார், நாம் பில் கட்டுவோம்.

நம் சி பிளாக் நண்பர் ஒருவருக்கு டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் மாற்றவேண்டும் என்று ஓரிடத்தில் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டது இரண்டே கேள்வி. காலை எடுத்தால் நிற்கிறதா? இல்லை. எங்கே நடுங்குகிறது? சீட்டில். முன்சக்கரத்தில் ஓடும் வண்டி அது, டிரைவ் ஷாஃப்ட் முன்னால்தான் இருக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றினால் ரிம்மின் உள்பக்கம் ஒரு கைப்பிடி அளவுக்குச் சிமெண்டுக் கலவை காய்ந்து ஒட்டியிருந்தது. நம் தெருமுனையில் கட்டிடம் எழும்புகிறதே, அந்த உபயம். சுரண்டிக் கழுவியதோடு உதறல் நின்றது.

இன்னொரு குழப்பம். பேலன்சிங் வேறு, அலைன்மென்ட் வேறு. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட். உதறலுக்கு முதலில் பார்க்கவேண்டியது பேலன்சிங். அதைச் செய்தும் உதறுகிறது என்றால்? காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், டிரயல் பேலன்ஸ் டாலி ஆனாலும் கணக்கில் பிழை இருக்கலாம். மெஷின் பூஜ்யம் காட்டுவது எடை சமமாக இருக்கிறது என்பதற்குத்தான், சக்கரம் வட்டமாக இருக்கிறது என்பதற்கு அல்ல. குழியில் விழுந்து நெளிந்த ரிம்மையும் பேலன்ஸ் செய்துவிடலாம். மெஷினில் சுற்றும்போது பக்கத்தில் நின்று, ரிம்மின் ஓரத்தை ஒரே இடத்தில் பாருங்கள். மேலும் கீழுமோ, பக்கவாட்டிலோ ஆடினால் கண்ணுக்கே தெரியும். எந்தச் சக்கரம் என்று பிடிபடாவிட்டால், நான்கும் ஒரே அளவாக இருந்தால், முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் சீட்டுக்குப் போனால் குற்றவாளி சக்கரம்தான்.

நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் மாதக்கணக்கில் உறை போட்டு நிற்கும் வண்டிகள் ஏழெட்டு இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், வண்டி இங்கே. நின்ற இடத்திலேயே நின்றால் டயர் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். புறப்பட்டு 15, 20 கிலோமீட்டரில் டயர் சூடானதும் உதறல் போய்விட்டால் அதுதான் காரணம். போகாவிட்டால் தட்டை நிரந்தரமாகிவிட்டது. வாரம் ஒருமுறை வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், காற்றைச் சரியாக வையுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 இலக்கம் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காக டயர் புதிது ஆகிவிடாது.

இதுவரை சொன்னதெல்லாம் செலவும் தொந்தரவும். உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று இருக்கிறது. குழியில் பலமாக இறங்கியபோது டயருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்தால், பக்கச் சுவர் அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும். உள்பக்கம் புடைத்தால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால்தான் தெரியும். அந்த டயருக்கு ஒட்டு கிடையாது, பேலன்சிங் கிடையாது, மாற்றுவது ஒன்றே வழி. அதை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு 100-இல் போகக்கூடாது. நேற்று வரை இல்லாத உதறல் இன்று திடீரென்று வந்தால், அல்லது நேரம் போகப்போகக் கூடினால், அடுத்த ஊர் வரை பார்ப்போம் என்று ஓட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்து, ஹசார்டு விளக்கைப் போட்டு, இடது ஓரம் முழுவதுமாக ஒதுங்கி, எல்லோரையும் இடதுபக்கக் கதவு வழியாக இறக்கிவிட்டு டயரைப் பாருங்கள். சக்கர நட்டுகளையும் பாருங்கள். பஞ்சர் ஒட்டி மாட்டியவர் சரியாக முடுக்காமல் விட்டிருந்தாலும் இதே உதறல்தான் வரும், அதுவும் டயர் வெடிப்பதைப் போலவே ஆபத்து. மெஷினால் கண்டபடி முடுக்குவதும் தவறு. எதிரெதிராக, டார்க் ரெஞ்சு வைத்துக் கையால் முடுக்கச் சொல்லுங்கள்.

காற்று அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். காற்று பார்க்கும் கேஜ் ஒன்றை சங்கத்தின் சார்பில் வாங்கி செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறோம். நோட்டில் ஃபிளாட் எண் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.