கட்டம் போட்ட மலை

 

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, சுருக்கமாகவே பேசுகிறேன்.

எந்தக் காட்டை முதலில் காப்பாற்றுவது? எல்லாவற்றையும் காப்பாற்றப் பணமும் கிடையாது, ஆளும் கிடையாது. அதனால்தான் வரைபடத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் அறிக்கை தந்த மாதவ் காட்கில் குழு, மலையை ஏறக்குறைய 9 கி.மீ.க்கு 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்தது. அந்த மலைக்கே உரிய தாவரங்கள், பாலூட்டிகள், பசுமைமாறாக் காடு என்று பார்த்து மதிப்பெண் போட்டது. மலை முழுவதையுமே மூன்று மண்டலங்களாக்கியது. ஒரு கட்டம் 81 சதுர கி.மீ. என்றால், அதற்குள் சோலையும் இருக்கும், தேயிலைத் தோட்டமும் இருக்கும், பஸ் ஸ்டாண்டும் இருக்கும்! 2013-இல் கஸ்தூரிரங்கன் குழு, செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கிராமத்தையே அலகாகக் கொண்டது. காக்க வேண்டிய பகுதி கிராமப் பரப்பில் 20 சதவீதம் இருந்தால் அந்தக் கிராமம் பட்டியலில் வந்துவிடும். மொத்தத்தில் மலையின் 37 சதவீதம் என்றது. மலை ஒன்றுதான், படம்தான் இரண்டு. குவாரி வேண்டாம் என்று எந்த ஊருக்குச் சொல்வது என்பது இப்படிப்பட்ட கோடுகளை வைத்துத்தான்.

இன்னொரு முறையும் உண்டு. ஒரு செடி கிடைத்த இடங்களையும், அங்குள்ள மழை, வெப்பம், உயரத்தையும் கொடுத்தால், அது வேறு எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று கம்ப்யூட்டர் கணித்துச் சொல்லும். ஆனால் நாம் போடுவதைத்தானே அது தின்னும்? செடி சேகரிப்பவர்கள் பெரும்பாலும் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. 'இந்தச் செடிக்கு ரோடு ஓரம்தான் பிடிக்கும்போல' என்று அது முடிவு கட்டிவிடும். புள்ளியே விழாத கட்டம் ஒன்றுமில்லாத கட்டம் என்று அர்த்தமில்லை. யாருமே போகாத கட்டமாகவும் இருக்கலாம்.

ஊரைச் சொல்வானேன்! மூன்றாம் ஆண்டு டூரில் நான் ஒட்டிய ஹெர்பேரியம் தாள் இன்றும் துறைப் பீரோவில் இருக்கிறது. இடம் என்ற வரியில், "கொடைக்கானல் போகும் வழி." வத்தலக்குண்டும் வழிதான், பெருமாள்மலையும் வழிதான்! இரண்டுக்கும் இடையே எத்தனை உயரம், எத்தனை குளிர் வித்தியாசம்! காலையில் அதைப் பார்த்த மாணவி ஒருத்தி, "சார், ஒரு மைல்கல் நம்பராவது எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட தாள்கள் அங்கே நிறைய. நம் செட்டு நண்பர்களே, அன்றைக்கு பஸ் எங்கெங்கே நின்றது என்று ஞாபகம் இருப்பவர்கள், பழைய டூர் நோட்டு, போட்டோ வைத்திருப்பவர்கள், சாப்பிட்டதும் தாவரவியல் துறைக்கு வாருங்கள். பீரோ சாவியை வாங்கிவிட்டேன்.