பொழுது சாயுமுன்

(சென்ற ஆண்டு மகாவீரர் ஜெயந்தி விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)

 

அறக்கட்டளையார் எனக்கு அளித்த தலைப்பு, இளமையில் நம் இல்லங்களில் உண்ட உணவு. கேட்டவுடன் எளிய தலைப்பு என்றே எண்ணினேன். எழுத அமர்ந்தபோதுதான், உண்டதைப் பற்றிப் பேசினால் உண்ணாதவரைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பது தெரிந்தது.

பள்ளி நாட்களில் வேற்றுச் சமயத்துத் தோழர்கள் என்னை அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்றுண்டு. "வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, பிறகு என்னதான் உண்பீர்கள்?" வந்தவாசியை அடுத்த சிற்றூரில், 14 பேர் கொண்ட கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அக்கேள்வி வியப்பையே தந்தது. என் தாயாரின் அடுக்களையில் இல்லாமை என்பதை நான் கண்டதே இல்லை.

அந்த அடுக்களை தண்ணீரில் தொடங்கும். விடியலில் கிணற்று நீரை, இரண்டாக மடித்த தடித்த வெள்ளைத் துணி கட்டிய பித்தளைக் குடத்தில் வடிப்பார்கள். வடித்து முடிந்ததும் துணியைத் திருப்பி, வடித்த நீரால் மெல்ல அலசி, அந்நீரை மீண்டும் அதே கிணற்றில் விடுவார்கள். எவ்வுயிர் எந்நீரில் இருந்ததோ அந்நீருக்கே அது திரும்ப வேண்டும். வடித்த நீருக்கும் கெடு உண்டு; இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அதன்பின் மறுபடியும் வடிக்க வேண்டும், அல்லது காய்ச்ச வேண்டும். அடுத்து விறகு. ஒவ்வொரு கட்டையையும் தரையில் தட்டி, எறும்போ செல்லோ இல்லை என்று கண்ட பின்னரே அடுப்பில் வைப்பார்கள். மழை நாட்களில் இந்த ஒரு வேலைக்கே நெடுநேரம் ஆகும்.

பிறகு அரிசி அளப்பது. ஊரார் வீடுகளில் இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் பழையது உண்பார்கள். நம் வீடுகளில் இரவு தங்கிய சோறு ஆகாது. ஆகவே மிஞ்சவும் கூடாது, ஒருவருக்குக் குறையவும் கூடாது. இன்று வயலில் யார் யார், ஊரிலிருந்து வந்தவர் எத்தனை பேர், யாருக்கு நோன்பு என்று மனக்கணக்குப் போட்டு என் தாயார் ஆழாக்கால் அளப்பார். அந்தக் கணக்கு தவறிய நாட்கள் மிகச் சில. தவறினால், பொழுதுக்குள் அது மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும்.

சுவையைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? எங்கள் வட்டாரத்தில் தாளிப்பு வடகம் என்றாலே சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்துச் சேர்ப்பது வழக்கம். எங்கள் வீட்டு வடகத்தில் உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், பெருங்காயம். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காய்ந்த அந்த உருண்டை எண்ணெயில் பொரியும்போது எழும் மணம் தெருமுனை வரை வரும். மொச்சையும் கொத்தவரை வற்றலும் இட்ட புளிக்குழம்பு, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்ட வாழைக்காய் வறுவல், சுக்குத் தட்டிய பானகம். பச்சை இஞ்சி மண்ணுக்குள் இருப்பது. உலர்ந்து சுக்கானால் தடையில்லை. பொங்கலன்று அடுத்த வீடுகளில் கருணையும் சர்க்கரைவள்ளியும் வேகும். எங்கள் பானையில் பூசணியும் அவரையும் வேகும். அட்டமி, சதுர்த்தசி நாட்களில் பச்சைக் காய்கறிகளுக்கு ஓய்வு. அன்று வற்றலும் பருப்புத் துவையலும்தான். உண்மையைச் சொன்னால், சிறுவர்களாகிய நாங்கள் அந்த நாட்களுக்காகவே காத்திருப்போம்.

எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலையைப் பற்றி ஒருமுறை தாத்தாவிடம் கேட்டேன். "கிழங்கு மண்ணுக்குள் விளைகிறது, கூடாது என்கிறீர்கள். மல்லாட்டையும் மண்ணுக்குள்தானே விளைகிறது?" தாத்தா சினக்கவில்லை. கிழங்கு அனந்தகாயம், ஓருடலில் எண்ணற்ற உயிர்கள் தங்குவது. மல்லாட்டையோ விதை, முற்றிக் காய்ந்தபின் எடுக்கிறோம் என்று விளக்கினார். மண்ணைப் பார்த்தல்ல, உயிரைப் பார்த்தே விதி அமைந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். அன்று மாலையே மல்லாட்டைத் துவையல் கிடைத்தது.

இவை அனைத்துக்கும் மேலாக எங்கள் வீட்டை ஆண்டது கதிரவன். இரவு உண்ணாமை என்பதைப் பாடம் படித்து நாங்கள் கற்கவில்லை. மேற்கு வானத்தைப் பார்த்துக் கற்றோம். ஆடி மாதத்தில் ஆறரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், கவலையில்லை. கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். மறைவதற்கு இரண்டு நாழிகை முன்பே முடிக்க வேண்டும் என்று தாத்தா கண்டிப்பாக இருந்ததால், ஐந்து மணிக்கெல்லாம் இலை எடுத்தாக வேண்டும். வயலிலிருந்து ஆடவர் வருவது நாலரைக்கு. கை கால் கழுவி அமர்வார்கள். அடுத்த பந்தி பிள்ளைகள். பிறகு, அந்நேரம் பார்த்து வந்து நிற்கும் விருந்தினர். எல்லோருக்கும் பரிமாறி முடித்து என் தாயார் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே சென்று பாத்திரங்களைக் கழுவத் தொடங்குவார்.

அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பிய மாலைகள் எத்தனை என்று நான் எண்ணியதில்லை. வீட்டில் ஒருவரும் எண்ணியதில்லை. அளவு தவறாது சமைத்த அந்தச் சோற்றில் அவருடைய பங்கு மட்டும் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. யாரேனும் கேட்டால், "இன்று எனக்கு நோன்பு" என்பார். நோன்பு என்பது தானே உவந்து ஏற்பது. பரிமாறும் வேலையால் வந்த பட்டினிக்கு அப்பெயர் பொருந்துமா என்பதைப் பெரியோர்களாகிய நீங்கள்தாம் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டவர் எங்கள் பாட்டி. ஆயா என்றே அழைப்போம். அவரும் அதே அடுக்களையில் மருமகளாக வந்து, அதே வாசலில் நின்று வானம் பார்த்தவர். ஓர் ஐப்பசி மாலையில், ஆடவர் அனைவரும் திண்ணையில் இருக்கும்போது, உரத்த குரலில் இல்லாமல் ஒரு செய்தி சொன்னார்: நாளை முதல் தை பிறக்கும் வரை, சமைத்தவர்கள் நான்கு மணிக்கு முதலில் உண்பார்கள், மற்றவர்க்கு வரும்போது சோறு இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். திண்ணையில் யாரும் பேசவில்லை. உறவினர் சிலர் பின்னர் ஏளனம் செய்ததும் உண்டு. மறுநாள் மாலை, நீரை வடித்து வைத்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தவர் தாத்தாதான். குழம்பை இலையின் மேலும் தரையின் மேலும் சமமாகவே ஊற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தாயார் சிரித்துக்கொண்டே உண்டதை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான். என் இளமையின் இனிய உணவு எதுவென்று கேட்டால், நான் உண்டதைச் சொல்ல மாட்டேன். அந்த இலையைத்தான் சொல்வேன்.

இன்று நாம் நகரங்களில் வாழ்கிறோம். எட்டு மணிக்கு வீடு திரும்பும் நம் பிள்ளைகளில் பலர் இவ்வறத்தைக் கைவிட்டனர் என்று வருந்துகிறோம். கைவிடாதவரும் இருக்கிறார்கள். என் மருமகள் அலுவலகத்துக்கு இரண்டு டப்பா எடுத்துச் செல்கிறாள். இரண்டாவதை மாலை ஐந்தரைக்குத் தன் மேசையிலேயே உண்டு முடிக்கிறாள். பாராட்டத்தக்கது. ஆனால் அந்த இரண்டு டப்பாவையும் நிரப்ப விடியற்காலை நான்கு மணிக்கு எழுபவரும் அவளே. அண்மைக் காலமாக ஒரு டப்பாவை என் மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். பருப்புத் துவையல் தேறிவிட்டது. வாழைக்காய் இன்னும் அடிப்பிடிக்கிறது.

இறுதியாக ஓர் அறிவிப்பு. இன்று மாலை உணவு நாலரை மணிக்கு. பொழுது சாய்வது ஆறு இருபது அளவில். விடியற்காலையிலிருந்து இக்கூடத்தின் பின்புறம் அடுப்படியில் நிற்கும் தாய்மார்கள் முதற்பந்தியில் அமர வேண்டும் என்று அறங்காவலர்களிடம் கேட்டேன், மகிழ்ந்து இசைந்தார்கள். பரிமாறுவதற்கு எட்டு ஆடவர் தேவை. இதுவரை பெயர் கொடுத்தவர் நால்வர். மேடையின் இடப்புறம் குறிப்பேடு இருக்கிறது.