ஒரே பக்கம், போனுக்குப் போன் ஏன் மாறுகிறது?

(நூற்றாண்டு விழா நிகழ்வில் கணினி உதவி மேசைக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்களுக்கு முன் பேசியவர்கள் விடுதி வாழ்க்கையையும் வலைப்பந்தாட்டக் குழுவையும் பற்றிப் பேசிச் சபையைச் சிரிக்க வைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்த பொருள் கொஞ்சம் வறண்டது. ஆனாலும் இங்கே இருக்கும் தங்கைமாரில் பலருக்கு நாளைக்கே தேவைப்படக்கூடியது என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைகளில் நாங்கள் கல்லூரி மண்டபத்தின் பக்கத்து அறையில் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். புலமைப்பரிசில் விண்ணப்பம், பல்கலைக்கழக அனுமதி, வேலை விண்ணப்பம் எல்லாம் இப்போது இணையத்தில்தான். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: “அக்கா, ஏ போன்ல மட்டும் இது சரியா வர மாட்டேங்குதுக்கா.” அதைச் சொல்லும்போதே ஒரு வெட்கம். தன் போன் மலிவானது, தனக்குத்தான் தெரியவில்லை என்ற எண்ணம். அந்த எண்ணத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

இணையப் பக்கம் என்பது அச்சடித்த தாள் அல்ல. “இங்கே தலைப்பு, இங்கே பெட்டி, இங்கே பொத்தான்” என்று எழுதிய ஒரு குறிப்புத்தான் தூரத்துக் கணினியிலிருந்து நம் போனுக்கு வருகிறது. அதைப் படித்துப் படமாக வரைவது போனில் உள்ள உலாவி. ஒரே சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு நாலு வீட்டில் சமைத்தால் நாலு ருசி வருவது போலத்தான். குரோம், எட்ஜ், ஒபெரா, சாம்சுங் உலாவி ஆகியவை ஒரே குடும்பம். உள்ளே இருக்கும் வரைபொறி ஒன்று. பயர்பொக்ஸ் வேறு குடும்பம். ஐபோனில் சபாரியின் வரைபொறிதான். அதிலே குரோம் என்று பெயர் போட்டு வைத்திருந்தாலும் நம் நாட்டில் விற்கும் ஐபோன்களில் உள்ளே இருப்பது அதுவேதான். கொழும்பிலிருக்கும் அக்கா “என் ஐபோன் குரோமில் நன்றாகத்தானே தெரிகிறது” என்று சொன்னால், லுணுகலையில் தங்கையின் குரோமைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வகை இருக்கிறது. எங்கள் மேசைக்கு வரும் தொல்லையில் பெரும்பங்கு அதனால்தான். பேஸ்புக்கில் ஒரு புலமைப்பரிசில் அறிவித்தல் வருகிறது. பிள்ளை இணைப்பைத் தட்டுகிறாள். பக்கம் திறக்கிறது. அவள் குரோமில் இருப்பதாக நினைக்கிறாள். உண்மையில் பேஸ்புக் செயலிக்குள்ளேயே இருக்கிற ஒரு சின்னச் சன்னலில் இருக்கிறாள். அந்தச் சன்னலுக்குத் தனி ஞாபகம். குரோமில் நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. மேலேயும் கீழேயும் தன் பட்டைகளைப் போட்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் அடியில் இருக்கும் பொத்தான் மறைந்துபோகும்.

லுணுகலைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை, உயர்தரம் எழுதி முடித்தவள், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு மறுநாள் வந்தாள். சான்றிதழின் படத்தை ஏற்ற வேண்டிய கூகுள் படிவம் அது. படம் ஏற்றும் படிவத்துக்குக் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும். செயலிக்குள் இருக்கும் சன்னல்களில் கடவுச்சொல்லைத் திருட வழி உண்டு என்பதால், அவற்றிலிருந்து தன் கணக்கில் உள்நுழைவதைக் கூகுள் 2017இலிருந்து தடுத்து வைத்திருக்கிறது. நல்ல காரணம்தான். ஆனால் பிள்ளைக்குக் கிடைத்தது 403 என்ற எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு வரியும். தனக்குத் தகுதி இல்லை என்று சொல்கிறது என்று அவள் விளங்கிக்கொண்டாள். இரண்டு நாள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி, ரீலோட் போட்டு, மறுபடி மறுபடி தட்டியிருக்கிறாள். மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு “வெளி உலாவியில் திற” என்பதைத் தெரிவு செய்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். படிவத்தை வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதினோம், பதில் வரவில்லை. அறிவித்தலின் அடியில் “குரோமில் திறக்கவும்” என்று ஒரு வரி போட யாருக்கும் செலவு ஆகாது. தோட்டத்துப் பிள்ளை அதைப் பேஸ்புக்கில்தான் பார்ப்பாள் என்று நினைத்துப் பார்க்காததுதான் குறை.

இப்படிச் செயலிக்குள் திறக்கும் சன்னல்கள் பலவற்றை வரைவது அன்ட்ரொயிட் போனில் “சிஸ்டம் வெப்வியூ” என்ற ஒரு பாகம். 2014இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து அதைப் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கலாம். டேட்டாவும் இடமும் இல்லாமல் நம் பிள்ளைகள் புதுப்பிப்பதில்லை. புதுப்பித்தாலும் எப்போதும் சுகம் என்றில்லை: 2021 மார்ச்சில் அதற்கு வந்த ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்து, உலகம் முழுக்கப் பலருடைய போனில் செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. அன்றைக்கு ஜிமெயில் திறக்காதவர்கள் எல்லோரும் தங்கள் போன்தான் பழுது என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது எழுத்துக்கு வருகிறோம். இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருவது.

பழைய அக்காமாருக்குப் பாமினி எழுத்துரு ஞாபகம் இருக்கும். அதிலே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ். இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அக்காலத்துத் தமிழ்ச் செய்தித்தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பிப் பார்த்தன. ஒரு வகைக் கோப்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்யும், நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை வேண்டும். யுனிகோட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. ஆனால் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் மேசைக் கணினியில் அது பழக்கத்துக்கு வரத் தொடங்கியது. நம் நாட்டில் தமிழுக்கான தர நிர்ணயம் 2008இல் வந்தது. கைத்தொலைபேசிகளுக்கு அதற்குப் பிறகும் சில வருடம் தமிழ் எழுதத் தெரியவில்லை. “கொ” என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். தெரியாத போன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடும், அல்லது வெறும் கட்டங்களாகக் காட்டும். அந்த நாளில் ஒபெரா மினியின் அமைப்புக்குள் போய், எழுத்தைப் படமாக அனுப்பும்படி ஒரு விருப்பத்தைத் தட்டித் தமிழ் படித்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள்.

அதெல்லாம் தீர்ந்தது. தீராதது ஒன்று இருக்கிறது: பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்து. “கௌரி” என்ற பெயரை எடுங்கள். சரியாக எழுதினால் ககரமும் ஔகாரக் குறியும். பாமினியில் அந்தக் குறிக்குத் தனி இடம் கிடையாது. ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் அடித்துத்தான் எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் “கெளரி” என்று அடிக்கிறார்கள். பழைய பட்டியல்களை யுனிகோட்டுக்கு மாற்றும்போதும் அப்படியே வந்துவிடுகிறது. சில எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்று. வேறு சிலவற்றில் ஔகாரக் குறி சிறிதாக வரும், வித்தியாசம் தெரியும். கணினிக்கோ இரண்டும் இரண்டு ஆட்கள். பிள்ளை தன் பெயரைச் சரியாக அடித்துத் தேடுகிறாள். “அப்படி ஒருவர் இல்லை” என்று வருகிறது. கௌசல்யா, கௌரி, மௌனிகா என்று எங்கள் மேசைக்கு வந்த பெயர்கள் கொஞ்சமல்ல.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அந்த எழுத்துக்குப் பின்னால் விரலை வைத்து ஒரு முறை மட்டும் அழியுங்கள். “கெ” மிஞ்சினால் அது ளகரம் போட்டு எழுதியது. “க” மட்டும் மிஞ்சினால், அல்லது முழுதும் போய்விட்டால், சரியானது. “கொ”வுக்கும் இது போல இரண்டு எழுதும் வழி உண்டு. ஆனால் அவை இரண்டும் ஒன்றே என்று யுனிகோட் ஏற்றுக்கொண்டிருப்பதால் மென்பொருள் எழுதுகிறவர் ஒரு வரியில் சமப்படுத்தலாம். “கௌ” பிரச்சினையை மனிதர்தான் திருத்த வேண்டும். “ஸ்ரீ”யிலும் இரண்டு உண்டு: ஸகரத்தை வைத்து ஒன்று, 2005இல் யுனிகோட்டில் சேர்த்த ஶகரத்தை வைத்து ஒன்று. பழைய எழுத்துருவில் இரண்டாவது உடைந்து தெரியும்.

புள்ளி வெட்டுப்படுவதும் உண்டு. பெட்டியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்திருப்பார்கள். அம்மாவின் போனில் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருந்தால் பெட்டி வளராது, எழுத்து வளரும், மேலே இருக்கும் புள்ளி காணாமல் போகும். செல்வி செலவியாகிவிடுவாள். உள்ளே புள்ளி பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையைப் பார்த்துக் கையால் எழுதி எடுக்கும் ஒருவர் செலவி என்றே எழுதுவார். பொத்தான்களும் அப்படியே. ஆங்கிலத்தில் “சப்மிட்” என்ற ஆறெழுத்துக்கு அளந்த இடத்தில் “சமர்ப்பிக்கவும்” எப்படி உட்காரும்?

இதற்கெல்லாமா இவ்வளவு பேச்சு என்று யாரும் நினைக்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்திலிருந்து 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை, நம் பாட்டிமார் காகிதத்துக்காகவே அலைந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவது எழுத்து. தோட்டத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குத் தன் பெயர் சரியாக எழுதப்படுவது என்பது சின்ன விஷயம் அல்ல. கையெழுத்துப் பிழை போய்த் திரைப் பிழை வந்தால் அதையும் நாங்கள் விடப்போவதில்லை.

மலைச்சரிவில் வாழும் நமக்கு நிறமும் முக்கியம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று நடந்ததை யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலையாக விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். சில உலாவிகள், இருண்ட தோற்றத்தில் வைத்தால், பக்கத்தின் நிறங்களைத் தாங்களாகவே மாற்றிவிடும். வெளிர் மஞ்சள் கரும்பழுப்பாகிவிடும். ஆகவே மழைக்காலத்தில் நிறத்தை நம்பாமல் நிலையின் எண்ணையும் உங்கள் பிரதேச செயலகப் பிரிவின் பெயரையும் வாசியுங்கள்.

தங்கைமாருக்கு: பக்கம் சரியாக வரவில்லை என்றால் முதலில் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், நேரம் தெரியும்படி. முடிவுத் திகதி கடந்துவிட்டால் முறையிட உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். பிறகு வெளி உலாவியில் திறந்து பாருங்கள். அப்படியும் வராவிட்டால் டேட்டா சேமிப்பை நிறுத்துங்கள், எழுத்தின் அளவைக் குறையுங்கள், பக்கத்து வீட்டுப் போனில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. எங்களிடம் வரும்போது “வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்தப் போன், எங்கிருந்து இணைப்பைத் தட்டினீர்கள், எந்த இடத்தில் நின்றது என்று சொல்லுங்கள். அரை மணித்தியாலம் மிச்சமாகும்.

கணினித் துறையில் இருக்கும் அக்காமாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பக்கம் செய்யும்போது உங்கள் மேசையில் இருக்கும் பெரிய திரையில் மட்டும் பார்த்து முடிக்காதீர்கள். பெட்டிக்கு உயரத்தைப் பூட்டாதீர்கள். நீளமான தமிழ்ச் சொல்லைப் போட்டு, எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, பேஸ்புக்குக்குள் திறந்து ஒரு முறை பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பலவிதமான போன்களில் ஒரே பக்கத்தைப் பார்த்தால்தான் பிழை எங்கே என்று எங்களுக்குத் தெரியும். மேசையில் இப்போது இருப்பது எங்களுடைய போன்கள் மட்டுமே. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வயது. உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய போனைத் தாருங்கள். திரையில் கீறல் இருந்தால் பரவாயில்லை, சார்ஜ் ஏறினால் போதும். கணக்குகளை நீக்கி, சிம்மை எடுத்துவிட்டு, சார்ஜர் இருந்தால் அதையும் சேர்த்து, வெளியே வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள்.