ஆல்பத்தில் வைத்த காசு

(சித்தூர் – திருப்பதி அங்கத்தினர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

நாணயம் சேர்ப்பதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேர்ப்பதில் என்னைவிடப் பெரியவர்கள் இந்த ஹாலிலேயே உண்டு. காசைக் கெடுப்பதில் நான் அனுபவஸ்தன். அதைச் சொல்கிறேன்.

என் தகப்பனார் சித்தூரில் ஒரு தகர டப்பாவில் காசுகள் வைத்திருந்தார். ஜார்ஜ் மன்னர்களின் வெள்ளி ரூபாய்கள், நடுவில் ஓட்டை போட்ட காலணாக்கள், 1957-ல் வந்த நயா பைசாக்கள். அவர் காலத்துக்குப் பின், டப்பாவிலா வைப்பது என்று நானே ஒரு ஆல்பம் வாங்கி அடுக்கினேன். மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள், பார்க்க அழகு. பன்னிரண்டு வருஷம் பீரோவை விட்டு எடுக்கவில்லை. எடுத்தபோது காலணாக்களின் மேல் பச்சையாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

குற்றவாளி அந்த பிளாஸ்டிக். பி.வி.சி.யை மெத்தென்று ஆக்கக் கலக்கும் எண்ணெய் நாளாவட்டத்தில் கசியும், பி.வி.சி.யும் சிதைந்து அமிலம் விடும். அது செம்பை அரிக்கும். புது ரெயின்கோட் வாசனை அடிக்கும் ஆல்பத்தைத் தொடாதீர்கள். மைலார், பாலிப்ரொப்பிலீன் என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். அட்டைச் சட்டத்தில் மைலார் ஜன்னல் வைத்த இரண்டு அங்குலச் சதுரம் கிடைக்கிறது. அதில் காசை வைத்து ஸ்டேப்ளர் அடித்துப் பைக்குள் செருகலாம். பின்னின் முனைகளைக் குறட்டால் தட்டையாக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும்.

பிசுக்கு ஏறிவிட்டால் சுத்தமான அசிடோனில் ஊற வைத்து எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. நெருப்புப் பற்றும் சரக்கு. விளக்கு எரியும் இடத்தில் வேண்டாம்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று அகத்தில் நடந்தது வேறு. குத்துவிளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் தேய்ப்பது போல வெள்ளி ரூபாய்களையும் புளி, விபூதி போட்டுத் தேய்த்து முடித்தாயிற்று. பளபளப்புக்குக் குறைவில்லை. ராஜாவின் கிரீடத்திலிருந்த நுண்ணிய வேலைப்பாடு போய்விட்டது. காட்டிய இடத்தில், "இனி வெள்ளி விலைதான் சுவாமி" என்று விட்டார்கள். 1939 வரையிலான ரூபாயில் 11.66 கிராம் எடையில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான். அந்த மட்டில் லாபம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுக்கும்போது காசின் இரு பக்கமும் தெரிய வேண்டும். வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரப் புள்ளி இருந்தால் பம்பாய், ஒன்றுமில்லையேல் கல்கத்தா. அட்டையில் வருஷத்தோடு, யார் கொடுத்தது என்பதையும் எழுதுங்கள். தகப்பனார் எதையும் எழுதி வைக்கவில்லை. இதில் எது பாட்டியின் கையிலிருந்து வந்தது என்று இனி யாரைக் கேட்பேன்? ஆல்பத்தைப் புஸ்தகம் போல நிமிர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, சமையலறைச் சுவரை ஒட்டாத பீரோவில் வையுங்கள்.

நம் பக்கத்துக்கும் காசுக்கும் உள்ள சம்பந்தம் பெரிசு. கிருஷ்ணதேவராயர் 1514-ல் மலையப்பனுக்கு 30,000 பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்ததைத் திருமலைக் கல்வெட்டு சொல்கிறது. சந்திரகிரியிலிருந்து ஆண்ட வேங்கடபதி ராயர் தம் வராகனில் பெருமாளையே பொறித்து, மறுபக்கம் 'ஸ்ரீ வேங்கடேஸ்வராய நம:' என்று போட்டார். பின்னால் சென்னையில் வெள்ளைக்காரக் கம்பெனியும் பெருமாளையும் இரு தாயார்களையும் போட்டு 'மூன்று சுவாமி வராகன்' அடித்தது. வியாபாரத்துக்கு அவர்களுக்கும் நம் சுவாமி தேவைப்பட்டார்!

வெளியூர் அங்கத்தினர்களுக்கு ஒன்று. அமெரிக்காவிலிருக்கும் என் பெண், தாத்தாவின் ரூபாய்களைக் கேட்டாள். 1972-ம் வருஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். தனி மனிதர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1919-ம் வருஷ ரூபாய் நூறைத் தாண்டிவிட்டது. பெட்டியில் புடவைக்கு நடுவே வைத்தால் யாருக்குத் தெரியும் என்றாள். சம்மதிக்கவில்லை. ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களும் நயா பைசாக்களும் அவளுக்கு, பழையவை இங்கேயே. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மிச்சமிருப்பதைப் பின்னாலுள்ள மேஜையில் வைத்திருக்கிறேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். வெளியே எடுத்துப் பார்ப்பவர்கள் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.