பொய்யை மறுத்துட்டோம், பதில் சொன்னோமா? – தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரை

மாநகராட்சித் தேர்தல் பணிகளுக்கான பயிலரங்கில் நம் அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டு உங்க வட்டத்து குரூப்ல போடுங்க.



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மாநகராட்சித் தேர்தலும் சமூக வலைத்தளமும்'. ஸ்லைடு எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன். ரீல்ஸ் எத்தனை செகண்ட் இருக்கணும், எந்த நேரத்துல போட்டா அதிகம் போய்ச் சேரும், எல்லாம் இருந்தது. அதை இன்னைக்குக் காட்டப் போறதில்ல. அதுக்குப் பதிலா லண்டன்ல நடந்த ஒரு கவுன்சில் தேர்தலைப் பத்திப் பேசப் போறேன். 'நம்ம வார்டுல சாக்கடை அடைச்சிக்கிட்டு நிக்குது, இவன் லண்டனுக்குப் போறான்'னு நினைக்காதீங்க. சாக்கடைக்கே வர்றேன்.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன மழைக்கு முன்னாடி நம்ம வட்டத்துல ஒரு வாய்ஸ் நோட் சுத்துச்சு. குடிதண்ணி லாரியைக் காசு வாங்கிட்டு அப்பார்ட்மெண்ட் பக்கம் திருப்பி விட்டுட்டாங்கன்னு. விசாரிச்சோம், பொய். 40 நிமிஷத்துல ஒரு கார்டு ரெடி. சிவப்புல 'வதந்தி'ன்னு முத்திரை, கீழே விளக்கம், நம்ம சின்னம். செமையா ஷேர் ஆச்சு, தலைமையிலிருந்தே பாராட்டினாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே தெருவுக்குப் போனேன். ஒரு அக்கா குடத்தைக் கீழே வச்சிட்டு கேட்டாங்க: "சரி தம்பி, அது பொய்யாவே இருக்கட்டும். எங்க தெருவுக்கு பத்து நாளா ஏன் லாரி வரல?"

எங்கிட்ட பதில் இல்ல. அதைக் கேட்கணும்னே எனக்குத் தோணல.

அந்த நேரத்துல என் காலேஜ் நண்பன் லண்டன்ல இருந்து பேசினான். அவன் இருக்கிற ஊர் பேரு பார்க்கிங். வண்டி நிறுத்துற பார்க்கிங் இல்ல, ஊரே அதுதான். பக்கத்துல ஈஸ்ட் ஹாம், நம்ம ஆளுங்க கடை வரிசையா இருக்கிற இடம். அங்க உள்ளாட்சித் தேர்தல்ல இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிறவனுக்கும் ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமகனா இருந்து, முறையான விசாவோட அங்க குடியிருந்தா போதும். அவன்கிட்ட தண்ணி லாரி கதையைச் சொன்னேன். "எங்க ஊர்லயும் இதே மாதிரி நடந்திருக்குடா, போய்ப் படி"ன்னான். படிச்சேன்.

லண்டன் மாநகரத்துல 32 பரோ இருக்கு. நம்ம மண்டலம் மாதிரின்னு வச்சுக்கலாம். ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனி கவுன்சில், தனித் தேர்தல். அதுல ஒண்ணு 'பார்க்கிங் அண்ட் டாகன்ஹாம்'. அப்போ 17 வார்டு, வார்டுக்கு மூணு கவுன்சிலர், மொத்தம் 51. ஒரு வார்டுக்கு வாக்காளர் சுமார் 7 ஆயிரம் பேர்தான். சென்னையில ஒரு வார்டுக்கு சராசரி 30 ஆயிரம், கவுன்சிலர் ஒருத்தர். அங்க கவுன்சிலரைத் தெருவுல பிடிக்கிறது எவ்வளவு சுலபம்னு பாருங்க. அப்படிப்பட்ட ஊர்லயே இது நடந்தது.

தொழிலாளிங்க ஊர் அது. 1921-ல ஆரம்பிச்சு பெகன்ட்ரீங்கிற குடியிருப்பை அரசாங்கமே கட்டினது. சுமார் 26 ஆயிரம் வீடு, எல்லாம் வாடகைக்கு. லண்டன் சேரிகள்ல நெருக்கடியில கிடந்த குடும்பங்கள் அங்க வந்து சொந்த வாசல், சின்னத் தோட்டத்தோட வாழ ஆரம்பிச்சாங்க. 1931-ல ஃபோர்டு ஆலை வந்தது. அப்பா ஆலையில, பையனும் ஆலையில, கவுன்சில் வீடு, ஓட்டு லேபர் கட்சிக்கு. தலைமுறை தலைமுறையா இதுதான்.

1980-ல தாட்சர் அரசு ஒரு சட்டம் போட்டது. கவுன்சில் வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்க அந்த வீட்டையே தள்ளுபடி விலையில வாங்கிக்கலாம். வாங்கினவங்களுக்கு சந்தோஷம். ஆனா வித்த பணத்தை வச்சு கவுன்சில் புது வீடு கட்டறதுக்குக் கடுமையான கட்டுப்பாடு. வீடு வித்துக்கிட்டே போகுது, புதுசா கட்டறதில்ல. வித்த வீடுகள்ல பலது கைமாறி தனியார் வீட்டுக்காரங்ககிட்ட போச்சு. லண்டன்லயே விலை குறைஞ்ச பகுதிகள்ல ஒண்ணுங்கிறதால, மத்த இடத்துல கட்டுப்படியாகாதவங்க அங்க வந்து வாடகைக்கு எடுத்தாங்க, கடன் போட்டு வாங்கினாங்க. அவங்கள்ல ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களும் நிறைய. 2002-ல டாகன்ஹாம்ல கார் அசெம்பிளியும் நின்னுச்சு. மறைமலைநகர் ஃபோர்டு நின்னப்போ எத்தனை வீட்டுல அடுப்பு யோசிச்சு எரிஞ்சுதுன்னு நமக்குத் தெரியும், அதை விளக்க வேண்டியதில்ல.

இப்ப அந்தத் தெருவுல பிறந்து வளர்ந்த ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. கல்யாணம் ஆன மகன் இன்னும் அவங்க வீட்டுலயேதான் இருக்கான். கவுன்சில் வீட்டுக்கு எழுதிக் கொடுத்து வருஷக் கணக்கா காத்திருக்கான். எதிர் வீட்டுல புதுக் குடும்பம், வேற நிறம், வேற மொழி. அந்த வீடு எப்பவோ வித்துப்போன தனியார் வீடுன்னு அவங்களுக்குத் தெரியாது. சொல்றதுக்கு ஆளும் வரல.

வந்தது ஒரு துண்டறிக்கை. பிரிட்டிஷ் தேசியக் கட்சின்னு ஒரு இனவெறிக் கட்சி அடிச்சது. ஆப்பிரிக்கர்களுக்கு 50 ஆயிரம் பவுண்ட் வரைக்கும் மானியம் கொடுத்து லேபர் கவுன்சில் இந்த ஊர்ல வீடு வாங்க வைக்குதுன்னு அதுல எழுதியிருந்தது. சுத்தப் பொய், அப்படி ஒரு திட்டமே கிடையாது. வாட்ஸ்அப் வர்றதுக்கு முன்னாடி காலம் அது. கதவுக் கதவா போட்டாங்க, அவ்வளவுதான்.

2006 மே 4 தேர்தல். அந்தக் கட்சி நிறுத்தினதே 13 பேரைத்தான். ஜெயிச்சது 12 பேர். ஒரே ராத்திரியில கவுன்சிலோட எதிர்க்கட்சி.

உள்ளாட்சித் தேர்தல்ல ஒரு ஓட்டுக்கு என்ன பலம்னு கேட்கிறவங்களுக்கு இன்னொரு கணக்கு. இதே கட்சி லண்டன்ல முதல் கவுன்சிலரை ஜெயிச்சது 1993 செப்டம்பர்ல, டவர் ஹாம்லெட்ஸ் பரோவோட மில்வால் வார்டு இடைத்தேர்தல்ல. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஏழு ஓட்டு. ஒரு வேன்ல ஏத்தற ஆளு! அங்கயும் பிரச்சினை வீடுதான். அடுத்த மே மாசமே பொதுத் தேர்தல் மாதிரி ஜனம் திரண்டு வந்து ஓட்டுப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினாங்க. நம்ம சென்னையில 2022-ல நூத்துக்கு 44 பேர் கூட ஓட்டுப் போடலங்கிறதை இந்த இடத்துல ஞாபகம் வச்சுக்கங்க. பாதிக்கு மேல வீட்டுல இருந்தா, யாரு வேணா ஏழு ஓட்டுல வரலாம்.

சரி, பார்க்கிங்ல லேபர் கட்சி என்ன பண்ணுச்சு? பொய்யை மறுத்தாங்க. திரும்பத் திரும்ப மறுத்தாங்க. இனவெறின்னு கண்டிச்சாங்க. அது இனவெறிதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த அம்மாவோட கேள்வி அப்படியே நின்னுச்சு: என் பையனுக்கு எப்போ வீடு? மறுப்பு எல்லாம் துண்டறிக்கைக்குப் பதில். அந்த அம்மாவுக்குப் பதில் இல்ல. நான் போட்ட கார்டு மாதிரியேதான்.

அந்தத் தொகுதி எம்.பி. மார்கரெட் ஹாட்ஜ். 2006 தேர்தலுக்கு முன்னாடி, தான் சந்திக்கிற வெள்ளைக்காரக் குடும்பங்கள்ல பத்துல எட்டு அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடலாமான்னு யோசிக்குதுன்னு வெளிப்படையா சொன்னவங்க. எதிராளிக்கு விளம்பரம் கொடுத்துட்டாங்கன்னு சொந்தக் கட்சியிலேயே திட்டு வாங்கினாங்க. அடுத்த வருஷம், நீண்ட நாளா அங்கேயே இருக்கிறவங்களுக்கு வீடு ஒதுக்கறதுல முன்னுரிமை வேணும்னு எழுதி மறுபடி வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. அந்தக் கருத்து எனக்கும் முழுசா உடன்பாடு இல்ல. எதிராளியோட பேச்சைப் பாதி ஏத்துக்கிட்டு அவனை ஜெயிக்கப் பார்க்கிற வேலை அது.

ஆனா அவங்க செஞ்ச இன்னொரு வேலையை நான் நாலு தடவை படிச்சேன். நாலஞ்சு தெருவைத் தேர்ந்தெடுக்கறது. அங்க இருக்கிற வீடுகளுக்குக் கடிதம்: காபி குடிக்க வாங்க. மேடை இல்ல, மைக் இல்ல, கொடி இல்ல. டீ, காபி, பிஸ்கட். அவங்களே ஒவ்வொரு மேசையா உட்கார்ந்து, உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு கேட்கறது. வீட்டுப் பிரச்சினை, பக்கத்து வீட்டுச் சத்தம், உடைஞ்ச நடைபாதை, பஸ், குப்பை. எழுதிக்கிட்டுப் போய், செய்ய முடிஞ்சதைச் செஞ்சு, என்ன ஆச்சுன்னு திரும்பக் கடிதம் போடறது. குடியேற்றத்தைப் பத்திக் கோபமா பேசினாலும் எழுந்து போகாம உட்கார்ந்து கேட்கறது. வருஷக் கணக்கா இதைச் செஞ்சாங்க.

2010 மே 6. அந்தக் கட்சியோட தலைவர் நிக் கிரிஃபினே பார்க்கிங்ல எம்.பி. வேட்பாளர். கவுன்சிலையே பிடிக்கப் போறோம்னு வந்தாங்க. முடிவு: ஹாட்ஜ் 16,555 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, கிரிஃபின் மூணாவது இடம், 6,620 ஓட்டு. கவுன்சில்ல அந்த 12 சீட்டும் போச்சு. 51-க்கு 51 லேபர்.

காபியாலதான் ஜெயிச்சாங்கன்னு நான் சொன்னா அதுவும் ஒரு ஃபார்வர்டு மெசேஜ் ஆயிடும். அன்னைக்கே நாடாளுமன்றத் தேர்தலும் நடந்ததால ஓட்டுப்பதிவு 2006-ஐ விட ரொம்ப அதிகம். இனவெறிக்கு எதிரான அமைப்புகள், தொழிற்சங்கங்கள்ல இருந்து நூத்துக்கணக்கான பேர் வந்து கதவைத் தட்டினாங்க. எதிர்க்கட்சிக்குள்ள அடிதடி வேற. ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி, மே 4, அவங்க வெப்சைட்டை நடத்தினவரே தலைமையோட சண்டை போட்டு சைட்டை மூடிட்டார். அண்ணே, நம்ம பேஜ் பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கங்க!

இன்னொண்ணு. அங்க தேர்தல் வேலைன்னா பெரும்பாலும் கதவு தட்டறதுதான். வாக்காளர் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு வீடு வீடா போய், யார் நமக்கு, யார் யோசனையில இருக்காங்க, யார் எதிர்னு குறிச்சுக்கறாங்க. ஓட்டுப்பதிவு அன்னைக்கு வாசல்ல கட்சிக்காரர் ஒருத்தர் நின்னு, ஓட்டுப் போட்டு வர்றவங்ககிட்ட வரிசை எண்ணைக் கேட்டு எழுதறார். சாயங்காலம் அதை ஒப்பிட்டுப் பார்த்து, நமக்குப் போடறேன்னு சொல்லி இன்னும் வராதவங்க வீட்டுக்கு ஓடறாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓட்டு, அன்னைக்கு லீவும் கிடையாது. இந்த வேலை நம்ம பாக முகவர் அண்ணன்களுக்குப் புதுசே இல்ல, நாற்பது வருஷமா செய்யறாங்க. புதுசா தெரிஞ்சுக்க வேண்டியது நாமதான். நம்ம ஐ.டி. அணியில எத்தனை பேருக்கு நம்ம பாகம் எண் தெரியும்? கை தூக்க வேண்டாம், போன வருஷம் வரைக்கும் எனக்கே தெரியாது.

கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்லணும். நம்ம குரூப்கள்லயே வடமாநிலத் தொழிலாளர்களைப் பத்தி ஃபார்வர்டு வருது. வேலையைப் பறிச்சிட்டாங்க, வீட்டு வாடகையை ஏத்திட்டாங்க, ரேஷனை வாங்கிட்டாங்கன்னு. போடறவங்க நம்ம ஆளுங்கதான், கெட்டவங்க இல்ல. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோவைப் பரப்பினப்போ நமக்கு எவ்வளவு கோபம் வந்தது? அதே வேலையை நாம செய்யலாமா? டாகன்ஹாம் துண்டறிக்கையில ஆப்பிரிக்கர்ங்கிற வார்த்தையை எடுத்துட்டு வேற வார்த்தை போட்டுப் படிச்சுப் பாருங்க. வாடகை ஏறினது உண்மைன்னா ஏன் ஏறுச்சுன்னு நாம பேசணும். அந்த ஃபார்வர்டை அனுப்பறவங்களை நான் குரூப்ல இருந்து எடுக்கப் போறதில்ல, போன் பண்ணிப் பேசப் போறேன். பேசிட்டும் அனுப்பினா எடுத்துடுவேன், இப்பவே சொல்லிடறேன்.

கடைசியா வேலைக்கு வர்றேன். நம்ம ஊர்ல ஏரியா சபைன்னு விதியிலேயே இருக்கு, பெரும்பாலான ஜனத்துக்கு அது எங்க நடக்குதுன்னே தெரியாது. அதுக்கான தேதி, இடம் நம்ம பேஜ்ல முதல் ஆளா வரணும். ரெண்டாவது, இனிமே நம்ம வட்டத்துல வதந்தி கார்டு போடறதுக்கு முன்னாடி, அந்தத் தெருவுக்கு ஒருத்தர் நேர்ல போயிட்டு வரணும். 40 நிமிஷத்துல போட்டதை ஒரு நாள் கழிச்சுப் போடுவோம், குடி முழுகிடாது. பொய் எதுன்னு கார்டுல இருக்கட்டும், உண்மையான குறை எதுன்னும் இருக்கட்டும், அதுக்கு யாரைப் பார்த்தோம், என்ன சொன்னாங்கன்னும் இருக்கட்டும். மூணாவது, பாகத்துக்கு ஒரு நோட்டு. 100 பக்க நோட்டு, கூகுள் ஷீட் இல்ல. பேர், தெரு, குறை, என்ன ஆச்சு. ஒரு வாரத்துல திரும்பப் போய்ச் சொல்லணும், 'முடியல'ங்கிறதா இருந்தாலும் போய்ச் சொல்லணும்.

ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம். முதல் தெருவை நானே எடுத்துக்கிறேன். அந்தத் தண்ணி லாரி தெரு. அக்காவுக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கு. லாரி ஏன் வரலன்னு விசாரிச்சு வச்சிருக்கேன், தெரு முனையில கேபிள் போடத் தோண்டின பள்ளத்தை மூடவே இல்ல, லாரி திரும்ப இடமில்ல. யாராவது ரெண்டு பேர் கூட வாங்க. பைக் வேண்டாம், நடந்தே போலாம்.